பட்டியல் இருந்ததால் திரும்பி வந்த பீங்கான்கள்

2016ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கில் எங்கள் ஊரின் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டபோது, அம்மாவுடன் நானும் காணி பார்க்கப் போயிருந்தேன். 1990இல் அம்மாவின் இடுப்பில் இருந்தபடி வெளியேறிய எனக்கு அந்த வீடு ஞாபகத்தில் இல்லை. பார்ப்பதற்கு வீடும் இருக்கவில்லை. அத்திவாரமும் கிணற்றுக்கட்டும்தான் மிச்சம். குசினி இருந்த இடம் என்று அம்மா காட்டிய பற்றைக்குள் காலில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். உள்ளங்கை அளவில் ஒரு வெள்ளைப் பீங்கான் துண்டு. ஓரத்தில் நீலக் கோடு. பின்பக்கத்தில் 'மேட் இன் இங்...' என்று ஆங்கிலத்தில் பாதி எழுத்து.

"இது அம்மம்மாவின்ர பீரிஸ்" என்றார் அம்மா. விசேஷங்களுக்கு மட்டும் அலுமாரியிலிருந்து இறக்குகிற கப்பும் பீரிசுமாம். எத்தனை இருந்தது என்று கேட்டேன். ஆறு என்றார். அன்றிரவு கனடாவிலிருந்து பெரியம்மா தொலைபேசியில் வந்தபோது அவரிடமும் கேட்டேன். "பன்னிரண்டு பிள்ளை. உன்ர அம்மாவுக்கு என்ன தெரியும், அவள் அப்ப சின்னப் பெட்டை" என்றார்.

சில மாதங்களின் பின் இழப்பு விபரங்களைக் கேட்டு ஒரு படிவம் வந்தது. வீட்டுப் பாவனைப் பொருட்களுக்கு அதில் ஒரேயொரு வரி இருந்தது. ஆதாரம் இருந்தால் இணைக்கவும் என்று கீழே எழுதியிருந்தது. எங்களிடம் படமும் இல்லை, பற்றுச்சீட்டும் இல்லை. இருந்தது அந்தத் துண்டு மட்டும்தான்.

அந்தத் துண்டின் பின்னால் இருந்த முத்திரையை விளங்கிக்கொள்ளத்தான் ஐரோப்பியப் பீங்கான் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நினைத்துப் போன எனக்கு அங்கே சிறை, படையெடுப்பு, பறிமுதல், குண்டுவீச்சு, இடப்பெயர்வு எல்லாம் கிடைத்தன. உடைந்து 46 வருடங்களின் பின் உரிமையாளரிடம் திரும்பி வந்த ஒரு சேகரிப்பின் கதையும் கிடைத்தது. அது திரும்பி வந்ததற்கான காரணத்தை எங்கள் ஆட்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

எது பீங்கான்?

எங்கள் ஊர்ப் பேச்சில் மண்சட்டி அல்லாத, வெள்ளையாய்ப் பளபளக்கிற எல்லாமே பீங்கான்தான். ஆனால் அவற்றில் பல, சாதாரணக் களிமண்ணைச் சுட்டு மேலே பளபளப்புப் பூச்சுப் பூசியவை. உண்மையான பீங்கானுக்குக் கயோலின் எனப்படும் வெள்ளைக் களிமண் வேண்டும். அதோடு பெல்ட்ஸ்பார் என்ற கல்லின் பொடியும் படிகக்கல் பொடியும் சேரும். இந்தக் கலவையை ஏறத்தாழ 1,400 பாகை செல்சியசில் சுடும்போது பெல்ட்ஸ்பார் உருகிக் கண்ணாடியாகி, களிமண்ணின் நுண்துளைகளை எல்லாம் அடைத்துவிடும். அதனால் பீங்கான் தண்ணீரை உறிஞ்சாது. மெல்லியதாக இருந்தால் வெளிச்சத்தை ஊடுருவ விடும். கயோலின் என்ற பெயர் சீனாவின் ஜிங்டெசென் நகருக்கு அருகிலுள்ள கௌலிங் என்ற இடத்திலிருந்து வந்தது. இலங்கையில் பொரலஸ்கமுவவிலும் மீட்டியாகொடவிலும் இதே மண் இருக்கிறது.

சீனர்கள் ஆயிரம் வருடங்களுக்கு மேலாக இதைச் செய்துவந்தார்கள். ஐரோப்பியர்களுக்குச் செய்முறை தெரியாது. எங்கள் கரையோரங்களை ஆண்ட அதே போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும்தான் கப்பல் கப்பலாகச் சீனப் பீங்கானை ஐரோப்பாவுக்கு ஏற்றிச் சென்றவர்கள். அரசர்கள் அதைத் தங்கத்துக்கு நிகராக மதித்தார்கள். அதைச் சொந்த நாட்டில் செய்ய முயன்ற பலரும் தோற்றுப்போனார்கள்.

கைதி ஒருவர் கண்டுபிடித்தது

யொஹான் பிரெட்ரிக் பொட்கர் 1682இல் பிறந்தவர். பெர்லினில் மருந்துக்கடை ஒன்றில் தொழில் பழகிக்கொண்டிருந்தபோது, தன்னால் சாதாரண உலோகத்தைத் தங்கமாக்க முடியும் என்று காட்டிக்கொண்டார். செய்தி பிரஷ்ய மன்னரின் காதுக்கு எட்டியது. பயந்துபோன பொட்கர் 1701இல் பக்கத்து நாடான சக்சனிக்குத் தப்பியோடினார். ஆனால் சக்சனியை ஆண்ட 'பலசாலி' ஒகஸ்டஸ் அவரைப் பிடித்து வைத்துக்கொண்டார். அவருக்கும் தங்கம் தேவைப்பட்டது.

பொட்கர் வருடக்கணக்காகக் காவலில் இருந்தார். தங்கம் வரவில்லை. எரென்பிரீட் வால்டர் பொன் சிர்ன்ஹவுஸ் என்ற அறிஞர் அப்போது பீங்கான் செய்யும் வழியைத் தேடிக்கொண்டிருந்தார். பொட்கரையும் அந்த வேலையில் ஈடுபடுத்தினார்கள். டிரெஸ்டன் நகரின் கோட்டைச் சுவருக்குக் கீழே, நிலவறையில் சூளை வைத்து வேலை நடந்தது. முதலில் சிவப்பு நிறத்தில் கல்போலக் கடினமான பாண்டம் வந்தது. 1708 ஜனவரி 15ஆம் திகதியிட்ட குறிப்பொன்றில், வெள்ளைக் களிமண்ணையும் அலபாஸ்டர் என்ற கல்லையும் வெவ்வேறு அளவுகளில் கலந்து சுட்ட பரிசோதனையும், பல மணிநேரம் சுட்ட பின் கிடைத்த வெள்ளையான, ஒளி ஊடுருவும் துண்டுகளும் பதிவாகியிருக்கின்றன. ஐரோப்பாவின் முதல் உண்மையான பீங்கானுக்கு ஆதாரம் அந்தக் குறிப்புத்தான்.

சிர்ன்ஹவுஸ் அதே வருடம் ஒக்டோபரில் இறந்துவிட்டார். 1709 மார்ச்சில் பொட்கர் தன் வெற்றியை மன்னருக்கு அறிவித்தார். 1710இல் மைசன் என்ற ஊரின் மலைமேல் இருக்கும் அல்பிரெக்ட்ஸ்பேர்க் கோட்டையில் தொழிற்சாலை தொடங்கியது. இரகசியம் வெளியே போகக்கூடாது என்பதற்காகவே கோட்டைக்குள் வைத்தார்கள். பொட்கர் 1719இல் 37 வயதில் இறந்தார். கண்டுபிடித்தது யார், பொட்கரா சிர்ன்ஹவுஸா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை.

சாடிகளுக்குக் கொடுத்த 600 பேர்

ஒகஸ்டஸ் தன்னுடைய ஆசையைப் 'பீங்கான் நோய்' என்றே சொல்லிக்கொண்டவர். 1717இல் அவர் பிரஷ்ய மன்னருடன் ஒரு கொடுக்கல் வாங்கல் செய்தார். பிரஷ்ய மன்னரிடமிருந்து 151 சீனப் பீங்கான்கள் வந்தன. பதிலுக்கு ஒகஸ்டஸ் தன் படையிலிருந்து 600 குதிரைப்படை வீரர்களை அனுப்பிவைத்தார். அந்தப் படைப்பிரிவுக்குப் 'பீங்கான் படை' என்ற பெயரே வந்துவிட்டது. டிரெஸ்டன் அருங்காட்சியகத்தில் இன்றும் நிற்கும் பெரிய நீலவெள்ளைச் சாடிகளை 'படைவீரர் சாடிகள்' என்றுதான் அழைக்கிறார்கள். சாடிகள் ஒவ்வொன்றாக எண்ணப்பட்டிருக்கின்றன. அந்த 600 பேரின் பெயர்களை எந்தக் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்திலும் எழுதி வைப்பதில்லை.

ஒகஸ்டஸ் செய்த இன்னொரு வேலை பின்னால் மிகவும் பயன்பட்டது. 1721 முதல் தன் பீங்கான்கள் எல்லாவற்றுக்கும் பதிவேடு எழுதவைத்தார். ஒவ்வொரு பொருளின் அடியிலும் ஓர் இலக்கமும் வகையைக் காட்டும் ஒரு குறியும் செதுக்கப்பட்டன அல்லது கறுப்பு மையால் எழுதப்பட்டன. இதனால் அரண்மனையிலிருந்து வெளியே போய் எங்கோ ஒரு நாட்டில் ஏலத்துக்கு வரும் சாடியையும் இன்று அடையாளம் காண முடிகிறது.

இரகசியம் வெளியே போனது

கோட்டைக் கதவுகளால் இரகசியத்தைப் பத்து வருடங்கள்கூடக் காக்க முடியவில்லை. 1718இல் வியன்னாவில் டு பாக்கியே என்பவர் தொழிற்சாலை தொடங்கினார். மைசனின் தொழிலாளி சாமுவேல் ஸ்டொல்செல் 1719இல் அங்கே ஓடிப்போய்ச் செய்முறையைக் கொடுத்தார். அடுத்த வருடம் திரும்பி வரும்போது ஹெரோல்ட் என்ற திறமையான ஓவியரையும் கூட்டிவந்தார். மைசனின் வண்ண வேலைப்பாடு உயர்ந்தது ஹெரோல்டால்தான். 1731இல் சேர்ந்த சிற்பி கெண்ட்லர் பீங்கானில் விலங்குகளையும் மனிதர்களையும் வார்த்தார். அமைச்சர் புரூல் பிரபுவுக்காக 1737க்கும் 1742க்கும் இடையில் அவர் செய்த 'அன்ன விருந்துத் தொகுதி'யில் 2,200க்கு மேற்பட்ட பாத்திரங்கள் இருந்தன. அந்தத் தொகுதியின் பெரும்பகுதி இரண்டாம் உலக யுத்தத்தின் முடிவில் அழிந்து போனது.

1756இல் பிரஷ்யாவின் இரண்டாம் பிரெட்ரிக் சக்சனிமீது படையெடுத்தபோது மைசனும் அவர் கையில் விழுந்தது. களஞ்சியத்தில் இருந்த பீங்கானை விற்றுக் காசாக்கினார். தனக்கும் விருப்பம்போலச் செய்வித்தார். யுத்தம் முடிந்த 1763இல் பெர்லினில் தனக்கென்று ஒரு தொழிற்சாலையை வாங்கினார்.

பிரான்சில் வின்சென்னில் தொடங்கிய தொழிற்சாலை 1756இல் செவ்ர் என்ற இடத்துக்கு மாறி, பின்னர் அரசரின் சொத்தானது. அவர்களிடம் நீண்டகாலம் கயோலின் இருக்கவில்லை. 1768இல் லிமோஜ் நகருக்கு அருகே அது கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் உண்மையான பீங்கானுக்கு வந்தார்கள்.

இங்கிலாந்து வேறு வழியில் போனது. களிமண்ணோடு மாட்டெலும்பைச் சுட்ட சாம்பலைச் சேர்த்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்போட் நிறுவனத்தார் இந்தக் கலவையைச் செம்மைப்படுத்தினார்கள். கலவையில் ஏறத்தாழப் பாதி எலும்புச் சாம்பல். 'போன் சைனா' என்று நாங்கள் சொல்வது இதைத்தான். இலங்கை வீடுகளின் அலுமாரிகளுக்கு வந்த பழைய தேநீர்க் கப்புகளில் பல இந்த வழியில் வந்தவை.

சேகரிப்பவர்கள் எதைப் பார்க்கிறார்கள்?

பழைய பீங்கான் சேகரிப்பவர் முதலில் பொருளைக் கவிழ்த்துப் பார்ப்பார். மைசனின் அடையாளம் குறுக்காக வைத்த இரண்டு நீல வாள்கள். சக்சனியின் அரச சின்னத்திலிருந்து எடுக்கப்பட்டு, 1720களின் தொடக்கத்திலிருந்து பாவனையில் உள்ளது. வாள்களுக்குக் குறுக்கே கீறல் இருந்தால், அது குறையுள்ளது என்று தொழிற்சாலையே கழித்துவிட்ட பொருளாக இருக்கலாம். செவ்ரின் அடையாளம் எதிரெதிராகப் பின்னிய இரண்டு 'எல்' எழுத்துக்கள். அவற்றின் நடுவே வரும் எழுத்து, செய்த வருடத்தைச் சொல்லும்.

ஆனால் முத்திரையை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். பீங்கான் உலகில் மிக அதிகமாகப் போலி செய்யப்பட்டவற்றுள் அந்த வாள்களும் அடங்கும். 19ஆம் நூற்றாண்டில் டிரெஸ்டன் நகரிலேயே ஒகஸ்டஸின் பெயரெழுத்துக்களைப் போட்டு விற்றிருக்கிறார்கள். அதனால் அனுபவமுள்ளவர்கள் பாரத்தையும் வெள்ளையின் சாயலையும் பூச்சு தேங்கி நிற்கும் விதத்தையும் தூரிகைக் கோட்டையும் சேர்த்தே பார்க்கிறார்கள். ஒட்டித் திருத்திய இடங்கள் புறஊதா விளக்கின் கீழ் வேறு நிறமாகத் தெரியும்.

முழுக் கப்பைவிட உடைந்த துண்டு சில விடயங்களைத் தெளிவாகச் சொல்லும். உண்மையான பீங்கானின் உடைந்த விளிம்பு கண்ணாடிபோல வழுவழுப்பாக இருக்கும். பூச்சும் உடலும் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்திருக்கும். சாதாரணப் பாண்டத்தின் விளிம்பு சொரசொரப்பாக இருக்கும். நாக்கில் வைத்தால் ஈரத்தை இழுத்து ஒட்டிக்கொள்ளும்.

நானும் அம்மம்மாவின் துண்டை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். பின்னால் வைத்த விரலின் நிழல் தெரிந்தது. விளிம்பு வழுவழுப்பாக இருந்தது. போன் சைனாவாக இருக்க வேண்டும். 1891இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க வரிச் சட்ட விதிக்குப் பிறகுதான் ஏற்றுமதிப் பொருட்களில் நாட்டின் பெயரை எழுதுவது வழக்கமானது. 'மேட் இன் இங்கிலாந்து' என்று முழுமையாக எழுதியிருந்தால் பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டுப் பொருள். சேகரிப்பவர்களின் சந்தையில் அதற்கு விலை இல்லை.

கிளெம்பெரர் குடும்பத்தின் அலுமாரிகள்

குஸ்தாவ் பொன் கிளெம்பெரர் டிரெஸ்டனில் வாழ்ந்த யூத வங்கியாளர். 800க்கும் மேற்பட்ட மைசன் பீங்கான்களைச் சேர்த்திருந்தார். அவர் 1926இல் இறந்தார். இரண்டு வருடங்களின் பின், 1928இல், அந்தச் சேகரிப்புக்கு ஒரு விபரப்பட்டியல் அச்சிடப்பட்டது. அதைத் தயாரித்தவர் லுட்விக் ஷ்னோர் பொன் கரோல்ஸ்பெல்ட் என்ற கலை வரலாற்றாய்வாளர். ஒவ்வொரு பொருளுக்கும் இலக்கம், விபரம், பலவற்றுக்குப் படங்களும் அதில் இருந்தன.

1938 நவம்பரில் நாசிகளின் இரகசியப் பொலிஸ் சேகரிப்பைப் பறிமுதல் செய்தது. குஸ்தாவின் மகன் விக்டர் நாட்டைவிட்டு வெளியேறி ஆபிரிக்காவில், அப்போது தென் றொடீசியா எனப்பட்ட இன்றைய சிம்பாப்வேக்குப் போய்ச் சேர்ந்தார். 1943இல் அங்கேயே இறந்தார். (அதே நகரில் ஒடுக்குமுறைக்குள் வாழ்ந்து நாட்குறிப்பு எழுதிய பேராசிரியர் விக்டர் கிளெம்பெரர் வேறொருவர்.)

பறிக்கப்பட்ட பீங்கான்கள் டிரெஸ்டன் அரச சேகரிப்பின் கைக்குப் போயின. யுத்தம் நெருங்கியபோது பெட்டிகளில் அடைத்து நகருக்கு வெளியே கொண்டுபோய் வைத்தார்கள். சோவியத் படை முன்னேறவே மீண்டும் இடம் மாற்றினார்கள். 1945 பெப்ரவரி 13ஆம் திகதி இரவு அந்தப் பெட்டிகளை ஏற்றிய லொறி டிரெஸ்டன் அரண்மனை முற்றத்தில் நின்றது. அன்றிரவுதான் பிரித்தானிய விமானங்கள் நகரத்தின் மீது குண்டு போட்டன. அடுத்தடுத்த நாட்களில் அமெரிக்க விமானங்களும் வந்தன.

அந்தக் குண்டுவீச்சில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பது பல தசாப்தங்கள் சண்டையாக இருந்தது. இலட்சக்கணக்கில் என்றவர்களும் உண்டு, குறைத்துச் சொன்னவர்களும் உண்டு. கடைசியில் நகரசபை நியமித்த வரலாற்றாசிரியர் ஆணைக்குழு, அடக்கம் செய்த பதிவுகள் உட்படக் கிடைத்த ஆவணங்களை எல்லாம் ஆராய்ந்து, 25,000 பேர் வரை இறந்தார்கள் என்று 2010இல் அறிக்கையிட்டது. எண்ணிக்கைச் சண்டை எங்களுக்குப் புதிதல்ல. அதை முடிக்க அங்கே 65 வருடங்களும் கிடைக்கக்கூடிய பதிவுகளும் தேவைப்பட்டன.

அவ்வளவு மனிதர்கள் எரிந்த இடத்தில் கப்புகளைப் பற்றிக் கவலைப்படுவதா என்று கேட்கலாம். நானும் என்னையே கேட்டேன். ஆனால் இறந்தவர்களும் இந்தப் பொருட்களும் ஒரே வீடுகளில் இருந்தவர்கள், இருந்தவை. ஒரு குடும்பம் அந்த ஊரில் வாழ்ந்தது என்பதற்குச் சில நேரம் அலுமாரியில் இருந்ததுதான் மிஞ்சுகிறது.

இடிபாடுகளுக்குள்ளிருந்து துண்டுகளைப் பொறுக்கியெடுத்து அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். சில உருகி நிறம் மாறியிருந்தன. சில தலையில்லாத பொம்மைகள். இரண்டு ஜேர்மனிகளும் ஒன்றான பிறகு, 1991இல், மிஞ்சியவை குடும்பத்திடம் ஒப்படைக்கப்பட்டன. குடும்பத்தார் அவற்றில் பலவற்றை டிரெஸ்டன் அருங்காட்சியகத்துக்கே அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். பின்னரும் களஞ்சியத்தில் கண்டெடுக்கப்பட்ட துண்டுகள் திருப்பிக் கொடுக்கப்பட்டு, 2010 டிசெம்பரில் லண்டனில் பொன்ஹம்ஸ் நிறுவனத்தில் ஏலத்துக்கு வந்தன. உடைந்தவை என்று தெரிந்துதான் வாங்கினார்கள். எட்மண்ட் டி வால் என்ற பிரித்தானியக் குயவர் தான் வாங்கியவற்றை ஜப்பானிய முறையில், விரிசல் மறையாமல் தங்கக்கோடு தெரியும்படி ஒட்டுவித்தார். அவருடைய மூதாதையரும் வியன்னாவில் நாசிகளிடம் எல்லாவற்றையும் பறிகொடுத்த யூதக் குடும்பத்தினர்.

கையில்லாத ஒரு பொம்மையை, உருகிய ஒரு தட்டை, இது இன்னாருடையது என்று 46 வருடங்களின் பின் எப்படிச் சொல்ல முடிந்தது? 1928இல் அச்சிட்ட பட்டியல் இருந்தது.

இதே ஷ்னோர் பொன் கரோல்ஸ்பெல்ட் 1927இல் பெர்லினின் ஒப்பன்ஹைமர் என்ற யூதத் தம்பதியின் மைசன் சேகரிப்புக்கும் பட்டியல் எழுதியிருந்தார். அவர்களும் தப்பியோடினார்கள். அவர்களுடைய பீங்கான்கள் கைமாறி, ஹிட்லருக்காக வாங்கப்பட்டு, யுத்தத்தின் பின் நெதர்லாந்து அரசிடம் போய், அம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் உட்பட அந்நாட்டு அருங்காட்சியகங்களில் இருந்தன. 2021இல் வாரிசுகளிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டு நியூயோர்க்கில் ஏலமிடப்பட்டன. ரைக்ஸ் அருங்காட்சியகம் தன்னிடமிருந்த பொருட்களையே பணம் கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டியிருந்தது.

டிரெஸ்டனின் அரச சேகரிப்பையும் யுத்த முடிவில் சோவியத் படை கொண்டுபோனது. பெரும்பகுதி 1958இல் திரும்பியது. வந்ததையும் வராததையும் சரிபார்க்கப் பதிவேடுகள் இருந்தன.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். நாசிகளின் எஸ்.எஸ். படை அல்லாக் என்ற பெயரில் சொந்தமாகப் பீங்கான் தொழிற்சாலை நடத்தியது. டாக்கவ் வதைமுகாமின் கைதிகள் அங்கே வேலை செய்தார்கள். அந்தப் பொம்மைகளும் இன்று ஏலங்களில் விற்கப்படுகின்றன. அழகாய் இருப்பதால் மட்டும் ஒரு பொருள் சுத்தமானதாகிவிடாது. அதனால்தான் பொறுப்புள்ள சேகரிப்பாளர்கள், 1933க்கும் 1945க்கும் இடையில் இது யாருடைய கையில் இருந்தது என்று கேட்காமல் வாங்குவதில்லை.

ஒரு கொப்பி

கிளெம்பெரர் வங்கியாளர். அவரால் அறிஞரை வைத்துப் பட்டியல் எழுதுவிக்க முடிந்தது. எங்கள் வீடுகளில் அப்படி யாரும் செய்யவில்லை. அம்மம்மாவின் கப்புகளும் எந்த அருங்காட்சியகத்திலும் கிடந்து திரும்பி வரப்போவதில்லை. ஆனால் பட்டியல் எழுதுவதற்கு வங்கி தேவையில்லை, ஒரு சீ.ஆர். கொப்பி போதும். சேகரிப்பாளர்கள் எழுதுவதைத்தான் நாங்களும் எழுதலாம்: என்ன பொருள், எத்தனை, அளவு, நிறம், அடியில் என்ன எழுதியிருந்தது, எங்கே வாங்கியது, வீட்டில் எந்த இடத்தில் இருந்தது, கடைசியாக எப்போது பார்த்தது, வேறு யார் பார்த்திருக்கிறார்கள். மிஞ்சிய பொருளோ துண்டோ இருந்தால் முன்பக்கமும் பின்பக்கமும் படம். எழுதிய திகதி. சொன்னவரின் பெயர். ஞாபகம் உள்ளவர்கள் எங்களோடு இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.

இவ்வருடம் நானும் அம்மாவும் தொடங்கியிருக்கிறோம். பெரியம்மா தொலைபேசியில் சேர்ந்துகொள்கிறார். முதலாம் பக்கத்தில் கப்பும் பீரிசும். எண்ணிக்கைக்கு நேரே '6 (அம்மா), 12 (பெரியம்மா)' என்று இரண்டையும் எழுதியிருக்கிறேன். தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. இப்போது பதினொராம் பக்கத்தில் நிற்கிறோம். பித்தளைக் குத்துவிளக்கு, தையல் மெசின், ஐயாவின் சைக்கிள் வரை வந்துவிட்டது. நேற்று இரவு நித்திரைக்குப் போனபிறகு அம்மா எழும்பி வந்து, "பிள்ளை, சீனிப் போத்தல் ஒண்டும் இருந்தது, அதே நீலக் கோடு" என்றார். முதலாம் பக்கத்தில் இடம் விட்டிருந்தேன், எழுதிக்கொண்டேன்.